கோட்டக்குப்பத்தில் குடியை விடுகிறவர் எங்கே போய் உட்கார்வது?

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகிற பஸ் ஒரே சாலையில்தான் போகிறது; ஆனால் இரண்டு அரசுகளின் மண்ணை மாறி மாறி மிதிக்கிறது. முத்தியால்பேட்டை வரை புதுச்சேரி. கோட்டக்குப்பமும் பெரிய முதலியார்சாவடியும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. கனகசெட்டிகுளம் தாண்டியதும் திரும்பவும் தமிழ்நாடு. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒன்றும் உறைக்காது. குடிக்கிறவருக்கு மட்டும் ஒவ்வொரு எல்லையும் மனப்பாடம். புதுச்சேரியில் மதுவுக்கு வரி குறைவு. சாராயக்கடையும் கள்ளுக்கடையும் அங்கே ஏலம் எடுத்து உரிமத்தோடு நடக்கின்றன. அதே சாராயத்தோடு எல்லை தாண்டிக் கோட்டக்குப்பத்தில் பிடிபட்டால் மதுவிலக்கு வழக்கு. திருவள்ளுவர் நாளுக்கும் மே நாளுக்கும் தமிழ்நாடு முழுக்கக் கடை அடைத்திருந்தாலும், நடந்தே போய்க் குடித்துவிட்டு வர முடிகிற ஊர் இது.

அதனால் இங்கே மதுவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடையைப் பற்றியதாகவோ கடத்தலைப் பற்றியதாகவோ இருக்கிறது. எந்த வண்டியில் எத்தனை பாட்டில் பிடிபட்டது, எந்தக் கடையை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள் என்பதெல்லாம் செய்தி ஆகும். குடியை விட வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், அன்றைக்குச் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவர் எங்கே போய் உட்கார்வது என்ற கேள்வி அந்தப் பேச்சில் வருவதே இல்லை. ஆறரை மணி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் எடுத்த சபதம் பெரும்பாலும் உடைவது அந்த வேளையில்தான். குடிநோயாளிகளின் ஆதரவுக் கூட்டங்கள் பல நடப்பதும் மாலையில்தான்.

மதுவை அரசு நினைத்தால் ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் இந்த மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 அன்று சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அப்போது முதல்வராக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூர்க்காரர். 1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974இல் அதே அரசு திரும்பக் கொண்டுவந்தது, 1981இல் எம்.ஜி.ஆர். அரசு கடைகளைத் திறந்தது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். 2024-25இல் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. எண்பது ஆண்டுக்கும் மேலான இந்தச் சண்டையில் இரண்டு தரப்புக்கும் கடைதான் கண்ணில் பட்டது. குடிக்கிற மனிதர் ஒன்று வாடிக்கையாளர், இல்லையென்றால் குற்றவாளி, செத்துப்போனால் நிவாரணத் தொகைக்குரியவர்.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் இந்த மூன்றாவது வகையினரைப் பார்த்தோம். மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்த மீனவர்கள் அடுத்தடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் புதுச்சேரிக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. செங்கல்பட்டு மாவட்டச் சாவுகளையும் சேர்த்து இருபதுக்கு மேற்பட்டோர் போனார்கள். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தது அரசு. ஓர் ஆண்டுதான் கழிந்தது. பழைய விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019இல் பிரிந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். இரண்டு தடவையும் காவல்துறை அதிகாரிகள் மாற்றப்பட்டார்கள், வழக்கு கைமாறியது, மெத்தனால் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்கள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் பிழைத்து வீடு திரும்பியவர்களுக்கு மறுநாள் குடிக்காமல் இருக்க யார் துணை என்பது பெரிதாகப் பேசப்படவில்லை.

இந்தத் துணை நாடு முழுக்கவே எவ்வளவு அரிது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு முற்றிலும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர். அவர்களில் ஏதாவது ஓர் உதவி கிடைத்ததாகச் சொன்னவர் 38 பேரில் ஒருவர். ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மிச்சப் பேர் தாங்களே விடப் பார்த்தவர்கள், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவர்கள், மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்கள், எதுவுமே செய்யாதவர்கள்.

ஆதரவுக் கூட்டம் என்ற முறை எப்படித் தொடங்கியது என்பது, அதைத் தேடுகிறவருக்கு இன்றும் உதவுகிற கதை. 1935 மே மாதம் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர், ஒரு தொழில் பேரம் கெட்டுப்போய், அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்து விடுதிக் கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் பார், அதிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி. ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து அவர் போன் போட்டார். குடியோடு மல்லுக்கட்டுகிற யாராவது இந்த ஊரில் இருக்கிறாரா, அவரோடு நான் பேச வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் அகப்பட்டார். கால் மணி நேரம்தான் என்று சொல்லி உட்கார்ந்தவர் பல மணி நேரம் கழித்துத்தான் எழுந்தார். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10ஐத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. சுருக்கமாக ஏ.ஏ.

இந்தக் கதையில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். வில்சன் அன்று தேடியது தன்னைக் காப்பாற்றும் ஆளை அல்ல. தான் போய்ப் பேச வேண்டிய இன்னொரு குடிகாரரை. ஆலோசகர், மருத்துவர், சாமியார் மூவரும் மேலிருந்து கீழே பேசுகிறவர்கள். கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதே சாக்கடையில் விழுந்து எழுந்தவர். உங்கள் பொய்கள் அத்தனையும் அவர் ஏற்கெனவே சொன்னவை.

இந்தியாவுக்கு இது வந்தது 1957இல். டெல்லியில் கனடா தூதரகத்தில் வேலை பார்த்த சார்லி எம். என்பவரின் முயற்சியில், பம்பாயில் ஹரால்டு எம். என்பவரோடு தொடங்கியது. பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து மட்டும் போடுவது இவர்கள் வழக்கம். இன்று இந்திய ஏ.ஏ.யின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. சென்னையிலும் புதுச்சேரியிலும் தமிழகத்தின் பல ஊர்களிலும் குழுக்கள் தமிழில் கூடுகின்றன. தேவாலயத்தின் பக்கத்து அறை, பள்ளிக்கூட வகுப்பறை, ஆஸ்பத்திரி வராண்டா என்று கிடைத்த இடத்தில்.

கோட்டக்குப்பத்திலிருந்து ஒருவர் இதைத் தேடினால் நடப்பது அநேகமாக இப்படி இருக்கும். செல்போனில் ஏ.ஏ. இந்தியா என்று தேடி ஒரு எண்ணை எடுப்பார். இரண்டு நாள் அதை அழைக்காமல் வைத்திருப்பார். பிறகு கடற்கரைப் பக்கம் ஒதுங்கிப்போய் அழைப்பார். மறுமுனையில் பேசுகிறவர் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஊழியர் இல்லை, அவரும் ஓர் உறுப்பினர். “யாருக்கு? உங்களுக்கா, வீட்டுல யாருக்காவதா?” என்று கேட்பார். மகனுக்கு, அண்ணனுக்கு என்று சொன்னால், “அவரையே பேசச் சொல்லுங்க” என்பார். தனக்குத்தான் என்று சொன்னால் குரல் மாறும். “இன்னைக்குக் குடிச்சிருக்கீங்களா? பரவாயில்லைங்க, சாயங்காலம் வாங்க. ஒண்ணும் பேச வேணாம், சும்மா உக்காருங்க.” பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்று கூட்டிப்போகிறேன் என்றுகூடச் சொல்வார்கள். முதல் நாள் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது அவர்களுக்குத் தெரியும்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளை எழுதிய துணி. சில நிமிட அமைதியும் ஒரு சிறு பிரார்த்தனையும் முடிந்ததும் அன்றைக்குக் கூட்டம் நடத்துகிறவர் ஆரம்பிப்பார். பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்பார். மற்றவர்கள் அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லி வணக்கம் வைப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். இதற்கு அங்கே ஷேரிங் என்று பெயர். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, பேசி முடித்ததும் விமர்சிக்கவும் கூடாது. எதற்கும் நான்கு பேர் நான்கு யோசனை சொல்கிற நம் ஊரில் இந்த விதி கொஞ்சம் அதிசயம்தான். மகளின் கொலுசை அடகு வைத்துக் குடித்ததைச் சொல்கிறவர் அழ மாட்டார். கேட்கிறவர்கள் சில சமயம் சிரிப்பார்கள். புதிதாக வந்தவருக்கு இந்தச் சிரிப்பு திடுக்கென்றிருக்கும். கேலி இல்லை அது, எங்களுக்கும் இதே கதைதான் என்று ஒப்புக்கொள்வது. நடுவில் ஒரு பை சுற்றி வரும். பத்தோ இருபதோ போடுகிறவர் போடலாம், போடாமல் அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். வாடகையும் டீச் செலவும் அதில்தான். வெளியார் நன்கொடையோ அரசுப் பணமோ வாங்குவதில்லை என்பது இவர்களின் பன்னிரண்டு மரபுகளில் ஒன்று. ஓராண்டு குடிக்காமல் இருந்தவருக்கு அன்று பர்த்டே, கேக் வெட்டுவார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ‘ஒரு வயது’ என்று சொல்லிக்கொண்டு வெட்கத்தோடு மெழுகுவத்தி ஊதுவார்.

சேர்வதற்குப் படிவம் இல்லை, கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. கூட்டங்களில் இரண்டு வகை உண்டு: குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் மூடிய கூட்டம், குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள விரும்புகிறவரும் வரலாம் என்ற திறந்த கூட்டம். வீட்டில் குடிப்பவரால் சீரழிந்த மனைவி, தாய், பிள்ளைகளுக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951இல் தொடங்கியது. அங்கே பேசுவது குடிக்கிறவரை எப்படித் திருத்துவது என்பதை அல்ல, தாங்கள் எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதை. நம் ஊரில் ஏ.ஏ. கூட்டத்தைத் தேடிப்பிடிப்பதைவிட அல்-அனான் கூட்டத்தைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். பெண் குடிநோயாளி என்று ஒருவர் இருந்தால் அவர் பாடு இன்னும் மோசம். பத்து ஆண்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் தனியாக நுழைய வேண்டும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா? ஏ.ஏ.வுக்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது என்று மருத்துவ உலகில் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உறுப்பினர் பட்டியலே வைத்துக்கொள்ளாத அமைப்பை எப்படி அளப்பது? 2020 மார்ச்சில் வந்த காக்ரேன் மதிப்பாய்வு அந்தப் பேச்சை ஓரளவு மாற்றியது. ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிக்கா ஃபெர்ரி மூவரும் 27 ஆய்வுகளை, 10,565 பேரை உள்ளடக்கியவற்றை, எடுத்துப் பார்த்தார்கள். நோயாளியை முறையாக ஏ.ஏ.யோடு இணைத்துவிடும் சிகிச்சையில் ஓராண்டு முடிவில் குடிக்காமலே இருந்தவர் 42 சதவீதம். அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை போன்ற மற்ற முறைகளில் 35 சதவீதம். வித்தியாசம் பிரமாதம் இல்லை. ஆனால் ஒன்று காசு கொடுத்து வாங்கும் நிபுணர் சிகிச்சை, இன்னொன்றில் நோயாளி போய்ச் சேரும் கூட்டத்துக்குக் கட்டணமே இல்லை. இன்னொரு பக்கம், நூற்றில் ஐம்பத்தெட்டுப் பேருக்கு அது முழுதாகப் பலிக்கவில்லை என்பதும் அதே கணக்குதான். ஏ.ஏ. ஒன்றே வழி என்று அடித்துச் சொல்கிற பழைய உறுப்பினர்களிடம் எனக்கு இதில்தான் பிணக்கு. ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. நம் பக்கத்திலிருந்து எடுத்துக்காட்ட வேண்டுமானால் கோவா ஆய்வைச் சொல்லலாம்: ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பில்லாத சாதாரண ஆலோசகர்களைப் பழக்கி, அளவுமீறிக் குடிக்கும் 377 ஆண்களிடம் சங்காத் அமைப்பு நடத்தியது. லான்செட் மருத்துவ இதழ் அதை 2017இல் வெளியிட்டது. மூன்று மாத முடிவில் குடி கட்டுக்குள் வந்தவர் ஆலோசனை பெற்றவரில் 36 சதவீதம், பெறாதவரில் 26 சதவீதம். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு இது போதும். கை நடுங்க ஆரம்பித்தவருக்குப் போதாது.

கை நடுங்குகிறவருக்குக் கூட்டமும் போதாது, முதலில் டாக்டர். இதைச் சொல்லாமல் ஆதரவுக் கூட்டத்தைப் பற்றி எழுதுவது தப்பு. வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் திருப்பி அடிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு மதி மயங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் செத்துப்போன அப்பா வாசலில் நிற்பதாகவும் தெரியும். வீட்டில் பேய் பிடித்துவிட்டதென்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். அதற்குள் உயிர் போன கதைகள் உண்டு. மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்து ஒரு வாரம் பத்து நாளில் இதைப் பத்திரமாகக் கடத்திவிட முடியும். கோட்டக்குப்பத்துக்காரருக்கு முண்டியம்பாக்கம் ஊர் மாறிப் பஸ் மாறிப் போகிற தூரம். பக்கத்தில் இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கத்து ஜிப்மர் மருத்துவமனை. அதன் மனநலத் துறையில் மது மீட்பு சிகிச்சை உண்டு. போனிலேயே யாரிடமாவது கேட்க வேண்டுமானால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநலத்துக்கான டெலிமானஸ் 14416.

ஜிப்மரும் புதுச்சேரியில், கூட்டம் நடக்கும் அறையும் புதுச்சேரியில். மதுக்கடைக்குக் கொண்டுபோகிற அதே எல்லைதான் இரண்டுக்கும் கொண்டுபோகிறது. இது வெறும் தூரக் கணக்கு இல்லை. சிறிய ஊரில் ஆதரவுக் கூட்டம் நடத்துவதில் உள்ள பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பெயர் வெளியே போகாது என்ற உறுதியில் நிற்கிற அமைப்பு அது. கோட்டக்குப்பம் போன்ற ஊரில் யார் எந்தச் சந்தில் நுழைந்தார் என்பது இரவு இஷா தொழுகைக்குள் தெரிந்துவிடும். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர். மது விலக்கப்பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாத வீட்டில் ஒருவர் குடிக்கிறார் என்றால், குடியைவிட அது தெரிந்துவிடுவதுதான் பெரிய கேடு. தங்கை கல்யாணம் நிற்கும், ஜமாஅத்தில் தலை காட்ட முடியாது. அதனால் வீடே சேர்ந்து மறைக்கும். மறைத்து மறைத்துப் பத்து வருஷம் போகும். இப்படிப்பட்டவருக்கு உள்ளூர்க் கூட்டத்தைவிட முகம் தெரியாத புதுச்சேரி அறை நல்லது என்பது என் கருத்து. நகரத்தில் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகலாம்; பொய்தான், ஆனால் குடிக்கப் போனபோது சொன்ன பொய்களோடு ஒப்பிட்டால் இதை மன்னிக்கலாம். 2020 ஊரடங்குக்குப் பிறகு ஆன்லைன் கூட்டங்களும் பரவியிருக்கின்றன. காமிராவை அணைத்துவிட்டு மொட்டைமாடியிலிருந்து கேட்க முடியும். மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கிற தமிழரும் அதில் வந்து பேசலாம்.

ஆனால் முற்றிலும் முகம் தெரியாமல் குடியை விட்டவரை நான் கேள்விப்பட்டதில்லை. சில மாதங்களில் ஒருவருக்காவது முழுக் கதையும் தெரிந்தாக வேண்டும். ஏ.ஏ.யில் ஸ்பான்சர் என்று வைத்திருப்பது இதற்குத்தான்: நடுராத்திரியில் குடிக்கத் தோன்றினால் போன் போட ஓர் ஆள்.

மதத்தின் விஷயமும் இங்கே வரும். ஏ.ஏ.யின் வேர் கிறிஸ்தவ மறுமலர்ச்சி இயக்கம் ஒன்றில் இருக்கிறது; படிகளில் கடவுள் வருகிறார், ‘நாங்கள் புரிந்துகொண்டபடி’ என்ற அடைமொழியோடு. பெரியார் வழி வந்தவருக்கு இது ஒட்டாது. அவருக்கு 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற, கடவுள் இல்லாத குழுக்கள் ஆன்லைனில் உண்டு. முஸ்லிம் ஒருவருக்கு வேறு மாதிரித் தயக்கம்: தேவாலயத்து அறையில் போய் யாரோ எழுதிய பிரார்த்தனையைச் சொல்வதா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து முஸ்லிம்கள் 1989இலேயே ஒரு விடை கண்டார்கள். மில்லத்தி இஸ்லாமி என்ற பெயரில் பன்னிரண்டு படிகளை இஸ்லாமிய நம்பிக்கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டு கூட ஆரம்பித்தார்கள். மது ஒரே நாளில் விலக்கப்படவில்லை, படிப்படியாக விலக்கப்பட்டது என்பது மார்க்க அறிஞர்கள் வழக்கமாக எடுத்துச் சொல்கிற செய்தி. குடியை விடப் போராடுகிறவரைப் பாவி என்று தள்ளாமல், படி ஏறிக்கொண்டிருப்பவர் என்று பார்க்க அதிலேயே இடம் இருக்கிறது. கோட்டக்குப்பத்து ஜமாஅத் இதை எடுத்துக்கொண்டால் வேறு எந்த அமைப்பும் செய்ய முடியாததைச் செய்ய முடியும். வெள்ளிக்கிழமை பயான் உரையில் குடியின் கேட்டைச் சொல்வதோடு, விட நினைப்பவர் யாரை அழைக்கலாம் என்பதையும் ஒரு வரி சேர்த்தால் ஆரம்பத்துக்கு அது போதும்.

துணை தேடும் குடும்பம் தடுக்கி விழுகிற குழி ஒன்றும் இருக்கிறது. சுவரொட்டியைப் பார்த்து எண்ணை அழைத்தால் சில தனியார் மறுவாழ்வு மையங்களிலிருந்து வேனில் ஆட்கள் வந்து, தூங்குகிறவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போவார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று பேரம். 2023 பிப்ரவரியில் இதே மாவட்டத்தின் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமம் பற்றிய செய்தி வந்தது. மனநலம் குன்றியவர்களையும் ஆதரவற்றவர்களையும் வைத்திருந்த அந்த இல்லம் உரிய உரிமம் இல்லாமல் நடந்தது, உள்ளிருந்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள், சிலரைக் காணவில்லை என்ற புகார்கள் வந்து, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராக வைத்திருக்கக் கடுமையான வரம்புகளும் உண்டு. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற இடத்தில் யாரையும் விடாதீர்கள். ஏ.ஏ. பெயரைச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டால் அது ஏ.ஏ. இல்லை.

மீனவக் குப்பங்களின் நிலை கோட்டக்குப்பத்துத் தெருக்களைப் போன்றதில்லை. எக்கியார்குப்பத்தில் யார் குடிக்கிறார் என்பது ரகசியமே இல்லை. ஊரே பார்க்கக் குடிக்கிறார்கள். அங்கே பெயர் மறைக்கும் முறைக்குப் பெரிய அர்த்தம் இல்லை. அவர்களுக்குப் பொருந்துவது என்று நான் நினைக்கிற முறை தமிழ்நாட்டிலேயே பிறந்தது. 1979இல் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு பக்கம் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்றால் தெரியும். பட்டணத்துக்கு வர முடியாத விவசாயக் கூலிகளுக்காக அந்தக் குழு 1989இல் பழைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடிக்கே போனது. ஆஸ்பத்திரி கட்டவில்லை. ஊர் அமைப்பு ஒன்று இடமும் சாப்பாடும் தந்தது. ஊர்ப் பெரியவர்களே குடிக்கிறவர்களிடம் பேசிக் கூட்டிவந்தார்கள். பதினைந்து நாள் முகாம். மருந்து, ஆலோசனை, குடும்பத்தாருக்குத் தனி வகுப்பு. முகாம் முடிந்த பிறகும் குழு திரும்பத் திரும்ப வந்து பார்த்தது. இங்கே யாரும் அநாமதேயம் இல்லை, அதுதான் இதன் பலம். பக்கத்து வீட்டுக்காரரும் கூடவே முகாமில் இருந்தவர் என்றால் சாயங்காலம் கூப்பிட்டுப் போய் ஊற்றிக்கொடுக்க ஆள் குறைகிறது.

மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரையுள்ள குப்பங்களில் இந்த மாதிரி முகாமுக்கு வேண்டியது என்ன என்று கணக்குப் போட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. புயல் பாதுகாப்பு மையம் மாதிரி ஒரு பொதுக் கட்டடம். ஒரு மனநல மருத்துவர், இரண்டு செவிலியர், பழைய குடிநோயாளிகள் நான்கைந்து பேர். மீனவப் பஞ்சாயத்தின் ஒப்புதல். அது இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. விசைப்படகில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் வேலை இல்லை, நிவாரணப் பணம் மட்டும் வருகிற நாட்கள். 2023இன் விஷச் சாராயச் சாவும் அந்த நாட்களுக்குள்தான் வந்தது. ஃபைபர் படகுக்காரர்களுக்குத் தடை இல்லை, அவர்களுக்குப் பதினைந்து நாள் வருமானம் போகும். அதற்கு ஈடு கொடுக்காமல் வாருங்கள் என்று அழைத்தால் வர மாட்டார்கள். முகாம் முடிந்த பிறகு வாராவாரம் கூட அதே கட்டடத்தில் ஓர் அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் முதல் நாளே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நகராட்சியோ ஊராட்சியோ அந்த அறையை இலவசமாகத் தர முன்வந்தாலும், ஏ.ஏ.காரர்கள் மாதம் நூறு ரூபாயாவது வாடகை கட்டி, ரசீது பெற்றுத்தான் எடுத்துக்கொள்வார்கள்.